மீன் செத்தது யாரால்? உப்பு அளக்கும் கருவி சொல்லும் உண்மை!

சென்னை நகரில் பல வீடுகளில் நடக்கும் சாவு இது. போலீசுக்குத் தகவல் போகாது. பிரேதப் பரிசோதனை கிடையாது.

காலையில் எழுந்து தொட்டி லைட்டைப் போட்டால், நேற்று ராத்திரி துள்ளி விளையாடிய கோமாளி மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். குழந்தை அழும். "அப்பவே வேணாம்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று வீட்டில் ஒரு குரல் எழும்பும். வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார்.

இது குளத்து மீன் அல்ல, கடல் மீன். ஒரு ஜோடி வாங்குவதற்கே மாதச் சம்பளக்காரர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தொட்டி, மோட்டார், விளக்கு, உப்பு மூட்டை என்று செலவு ஏற்கெனவே கையைக் கடித்திருக்கும்.

அப்படியானால் கொலையாளி யார்?

யார் மேல் சந்தேகம்?

"கடைக்காரன் நோய் மீனைத் தலையில கட்டிட்டான்" என்பார் ஒருவர். "மத்தியானம் கரண்ட் போச்சே, அதான்" என்பார் இன்னொருவர். "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று பாட்டி சொல்வார்.

நோயும் கொல்லும். காற்று மோட்டார் நின்றாலும் கொல்லும். புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறினாலும் கொல்லும். யாரையும் விடுவிக்க முடியாது.

ஆனால் பல வீடுகளில் விசாரணைக்கே வராமல் தப்பித்துக்கொள்ளும் ஒரு குற்றவாளி உண்டு. அதன் பெயர் உப்பு!

தண்ணீர் சூடானால் கை சொல்லிவிடும். அழுகினால் மூக்கு சொல்லிவிடும். உப்பு கொஞ்சம் கூடியதையும் குறைந்ததையும் கண்ணும் சொல்லாது, மூக்கும் சொல்லாது. நாக்கில் வைத்துப் பார்த்தால் எல்லாமே கரிப்புத்தான்.

இதற்குக் கருவி வேண்டும். கருவி வாங்கியும் மீன் சாகிறதே என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கருவியே பொய் சொன்னால்?

35 என்ற எண்

கடல் தண்ணீர் ஒரு கிலோ எடுத்து வற்றக் காய்ச்சினால் அதில் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். உலகக் கடல்களின் சராசரி இது. ஆயிரத்துக்கு 35 பங்கு என்று சொல்வார்கள். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக "35" என்பார்கள்.

இதையே எடைக் கணக்கிலும் சொல்லலாம். நல்ல தண்ணீரின் கனம் 1 என்று வைத்துக்கொண்டால், 35 உப்பு உள்ள கடல் தண்ணீரின் கனம் 25 டிகிரி சூட்டில் 1.0264. உப்பு 30-ஆகக் குறைந்தால் அதே கனம் 1.0226.

வித்தியாசத்தைப் பாருங்கள். புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில் வெறும் நாலு கோடுதான் தள்ளியிருக்கிறது. அந்த நாலு கோட்டுக்குள்தான் மீனின் உயிர் ஊசலாடுகிறது!

காரணம் இதுதான். கடல் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடலில் உள்ள உப்பைவிடக் குறைவு. அதனால் அதன் உடம்புத் தண்ணீர் எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் கடல் தண்ணீரைக் குடித்துக் குடித்து அதை ஈடுகட்டும். அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். இந்த வேலை ராப்பகலாக நடக்கிறது.

உப்பு திடீரென்று ஏறினால் இந்த வேலை தாங்காது. மீனாவது கொஞ்சம் சமாளிக்கும். நட்சத்திர மீன், கடல் சாமந்தி போன்றவற்றுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. தண்ணீர் எப்படியோ உடம்பும் அப்படியே.

ஆவியாகப் போவது தண்ணீர்தான்!

"நான்தான் சரியாக உப்பு கலந்துதானே ஊற்றினேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊற்றிய அன்று சரி. அடுத்த வாரம்?

சென்னை வெயில் தெரிந்ததுதானே. தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தொட்டியில் நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் தொட்டியில் உப்பு 35 இருக்கிறது. 5 லிட்டர் ஆவியாகிப் போனது. மிச்சமுள்ள 95 லிட்டரில் உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குறைந்த தண்ணீருக்குப் பதில் மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். வாராவாரம் இப்படிச் செய்தால் தொட்டி உப்பளமாகிவிடும்! ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டம் குறித்துக்கொண்டால் போதும்.

இதைத் தெரிந்துகொண்டாலும் அளக்காமல் முடியாது. கடைகளில் கிடைக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றுவோம்.

முதல் சாட்சி: ஆடும் முள் டப்பா

கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு முள். தண்ணீரை மொண்டு நிமிர்த்தி வைத்தால், உப்புக்குத் தக்கபடி முள் மேலே ஏறி ஓர் எண்ணைக் காட்டும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் கையில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

உடையாது. பேட்டரி வேண்டாம். குழந்தைகூட படிக்கும். ஆனால் சாட்சி சொல்வதில் தடுமாறும்!

முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினால் போதும், முள் லேசாகி மேலே போய்விடும். உப்பு அதிகம் என்று காட்டும். நாம் அதை நம்பி நல்ல தண்ணீரை ஊற்றுவோம். உண்மையில் உப்பு குறைந்துகொண்டே போகும்.

கழுவாமல் வைத்தால் முள்ளில் உப்புப் பொருக்கு படியும். அப்போது முள் கனத்துக் கீழே இறங்கும். உப்பு குறைவு என்று காட்டும். நாம் உப்பை அள்ளிப் போடுவோம்.

இரண்டு பொய்யும் ஒரே டப்பாவுக்குள்!

இதைத்தான் வாங்க முடியும் என்றால், தண்ணீர் எடுத்ததும் டப்பாவை விரலால் தட்டிக் குமிழியை விரட்ட வேண்டும். சமமான இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அளந்த பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அப்படியும் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது.

இரண்டாவது சாட்சி: மிதக்கும் கண்ணாடிக் குழாய்

இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பால் சொசைட்டியில் பாலில் போட்டுப் பார்க்கும் பால்மானி இந்தச் சாதிதான். பேட்டரி கடையில் ஆசிட் பார்க்கும் குழாய்க்குள் மிதப்பதும் இதன் தம்பிதான். பெயர் ஹைட்ரோமீட்டர்.

அடியில் கனம், மேலே மெல்லிய கழுத்து, கழுத்துக்குள் அளவுக் காகிதம். தண்ணீர் கனமாக இருந்தால் குழாய் மேலே எழும்பி நிற்கும். லேசாக இருந்தால் அமிழும். ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவம். இதில் பழுதாவதற்கு எதுவும் இல்லை.

மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி பக்கம் உப்பளத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பாத்தித் தண்ணீரை இப்படி ஒரு மிதவையில்தான் அளக்கிறார்கள். அவர்கள் கணக்கு போமே டிகிரி. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையும். பிரெஞ்சுக்காரர் அந்துவான் போமே 1768-ல் கொண்டுவந்த அளவு இன்றும் உப்பளத்தில் வேலை செய்கிறது.

அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே? வாங்கலாம். ஆனால் குழாயில் பொடி எழுத்தில் ஒரு சூடு போட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்கினால் ஆபத்து!

சில குழாய்கள் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 15.6 சென்டிகிரேடுக்குத் தயாரானவை. குளிர் நாட்டுக் கணக்கு. நம் வீட்டுத் தொட்டியோ 28 டிகிரியில் இருக்கும். சூடான தண்ணீர் லேசாக இருக்கும். அதனால் 35 உப்பு சரியாக இருந்தும் அந்தக் குழாய் 1.023 பக்கம்தான் காட்டும்.

தொட்டிக்காரர் என்ன செய்வார்? "1.026 வரலியே" என்று உப்பைக் கொட்டுவார். குழாய் 1.026 காட்டும்போது உண்மையான உப்பு 39-ஐத் தொட்டிருக்கும். குழாய் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தப்பு!

25 டிகிரிக்குச் செய்த குழாய் நம் ஊருக்குப் பொருத்தம். வேறு சூட்டுக்குச் செய்ததாக இருந்தால் கூடவே வரும் திருத்த அட்டவணையை வைத்துக் கழித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். உயரமான ஜாடியில் தண்ணீர் எடுத்து, குழாய் ஓரத்தில் ஒட்டாமல் மிதக்கும்போது, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றித் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. சமமட்டம்தான் கணக்கு.

கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்பதுதான் இதன் பெரிய குறை.

மூன்றாவது சாட்சி: ஒரு சொட்டு போதும்!

சின்ன டெலஸ்கோப் மாதிரி இருக்கும். தலையில் சாய்வான ஒரு கண்ணாடி. அதன் மேல் இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். கோடு நிற்கும் இடம்தான் உப்பு. பெயர் ரிஃப்ராக்டோமீட்டர்.

தண்ணீரில் உப்பு கூடக்கூட வெளிச்சம் கூடுதலாக வளையும். அந்த வளைவை வைத்து அளக்கிறது. கடலோர இறால் பண்ணைகளில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவது இதைத்தான். விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பார்க்க இதே மாதிரி இருக்கும் இன்னொன்று கரும்புச் சாறில் சர்க்கரை பார்ப்பதற்கு. அளவில் பிரிக்ஸ் என்று போட்டிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கி வந்தால் மீனுக்கு ஆகாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பல கருவிகளின் அளவு வெறும் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்புக் கரைசலுக்காகப் போடப்பட்டது. கடல் தண்ணீரில் அது மட்டுமா இருக்கிறது? மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டு எல்லாம் இருக்கிறது. வெளிச்சம் வளைவது கொஞ்சம் மாறும்.

அந்த மாதிரிக் கருவியில் 35 உப்புள்ள கடல் தண்ணீர் 36.5 என்று தெரியும். நல்ல தண்ணீரில் பூஜ்யம் சரியாக வைத்திருந்தாலும் இந்த ஒன்றரைப் புள்ளி தப்பு இருக்கும். ஆளைக் கொல்லும் தப்பு அல்ல. ஆனால் தப்பு தப்புத்தான்.

சொட்டு விட்டதும் அவசரப்பட்டுப் பார்க்கக்கூடாது. அரை நிமிஷம் பொறுத்தால் சொட்டின் சூடு கருவியின் சூட்டோடு சேர்ந்துவிடும். மூடிக்கு அடியில் குமிழி இருக்கக்கூடாது. பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து வைக்க வேண்டும்.

நாலாவது சாட்சி: பேனா மீட்டர்

கண்ணை இடுக்கிக் கோடு பார்க்க முடியாதவர்களுக்கு இது. பேனா மாதிரி முனையைத் தண்ணீரில் நனைத்தால் எண் பளிச்சென்று விழும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதை வைத்து உப்பைச் சொல்கிறது.

எண் விழுகிறது என்பதாலேயே நம்பிவிடக்கூடாது. முனையில் அழுக்கு படிந்தால் பொய் சொல்லும். குமிழி இருந்தால் பொய் சொல்லும். பேட்டரி இறங்கினாலும் சந்தேகம்தான். இதற்கென்று விற்கும் சோதனைத் திரவத்தில் மாதம் ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். 35 உப்புக்குச் சமமான திரவத்தின் புட்டியில் 53 மில்லிசீமென்ஸ் என்று போட்டிருக்கும்.

பொய்ச் சாட்சி ஜாக்கிரதை!

இதே பேனா உருவத்தில் இன்னொன்று சென்னையில் பல வீடுகளில் கிடக்கிறது. ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் தண்ணீரில் விட்டுக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர்!

"அதான் வீட்ல மீட்டர் இருக்கே, எதுக்கு இன்னொன்னு?" என்று கேட்பவர்கள் கவனிக்கவும். வீட்டு டி.டி.எஸ். மீட்டர்களில் பொதுவாக 9,990 வரைக்கும்தான் எண் ஏறும். கடல் தண்ணீரின் கணக்கோ 35,000. தராசு பத்துக் கிலோ, மூட்டை முப்பத்தைந்து கிலோ! எப்படி நிறுப்பது?

அந்த மீட்டருக்கு வேறு வேலை இருக்கிறது. தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமா என்று பார்க்கலாம். அத்தோடு சரி.

சாட்சிக்கே விசாரணை

நாலு சாட்சியையும் பார்த்தாகிவிட்டது. நாலிலும் ஏதோ ஓர் ஓட்டை. அப்படியானால் யாரை நம்புவது?

பதில் சுலபம். யாரையும் சும்மா நம்பக்கூடாது. உப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு தண்ணீரை அதற்குக் காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் நல்ல சாட்சி. தப்பாகச் சொன்னால் எவ்வளவு தப்பு என்றாவது தெரிந்துவிடும்.

மார்க்கெட்டில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிறார்களே, அதே நியாயம்தான். முத்திரை இல்லாத கல்லில் கத்தரிக்காய் வாங்காத நாம், முத்திரை இல்லாத கருவியை நம்பி உயிரை விடலாமா?

35 என்று எழுதிய சோதனைத் திரவம் சின்னப் புட்டியில் விற்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும்போதே ஒன்று வாங்கிவிட வேண்டும். அந்தத் திரவத்தைச் சொட்டு விட்டு, திருகாணியைத் திருப்பிக் கோட்டை 35-ல் நிறுத்தினால், மேலே சொன்ன ஒன்றரைப் புள்ளித் தப்பும் ஓடிப்போகும்.

புட்டி கிடைக்கவில்லையா? வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். தூள் உப்பை வாணலியில் லேசாகச் சூடு காட்டி ஈரம் போக்கி ஆறவிட வேண்டும். அதில் 7.3 கிராம் எடுத்து, 192.7 கிராம் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரில் முழுக்கக் கரைக்க வேண்டும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு 35 உப்புள்ள கடல் தண்ணீர் போலவே தெரியும்.

மறந்துவிடாதீர்கள். இது கருவியைச் சோதிக்க மட்டும்தான். சமையல் உப்பைக் கரைத்து மீனை விட்டால் மீன் தாங்காது. தொட்டிக்கு அதற்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரைக் கிலோ பிடிக்கும்.

"கடலே பக்கத்துல இருக்கே!"

உப்புக் கலவைக்குக் காசு எதற்கு, மெரினாவிலோ காசிமேட்டிலோ கேனில் மொண்டு வந்தால் போச்சு என்பவர்களும் இருக்கிறார்கள்.

மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அது மூடப்பட்டது. அந்தக் காலத்துக் கடல் வேறு, இந்தக் காலத்துக் கடல் வேறு.

கூவமும் அடையாறும் கலக்கும் இடம் எது என்று ஊருக்கே தெரியும். எண்ணூர் பக்கம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அங்கேயிருந்து மொண்டு வந்தால் உப்புக் கணக்குச் சரியாக இருந்தும் மீன் பிழைக்காது.

சுத்தமான தண்ணீர் கிடைத்தாலும் அது 35-ஆக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் எல்லாம் வங்கக் கடலில் வந்து கொட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் சென்னைக் கரையில் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். சித்திரையில் மொண்ட தண்ணீரும் கார்த்திகையில் மொண்ட தண்ணீரும் ஒன்றல்ல. அளக்காமல் தொட்டியில் ஊற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது மாதிரி.

கடையில் பையை நீட்டுங்கள்

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1985-ல் தீப்பிடித்து அழிந்த மூர் மார்க்கெட்டில் அந்தக் காலத்து ஜனங்கள் கிளியும் மீனும் பார்த்து நின்றது போல, இன்றைக்குக் குடும்பத்தோடு இங்கே வந்து நிற்கிறார்கள்.

அங்கே நின்றால் காதில் விழும் பேச்சு இப்படித்தான்:

"அண்ணே, நீமோ ஜோடி குடுங்கண்ணே. கூடவே உப்பு பாக்குற மீட்டர் சீப்பா ஒண்ணு போடுங்க."

"தம்பி, மீன அப்புறம் பாக்கலாம். தொட்டி போட்டு எத்தன நாள் ஆச்சு?"

"நேத்துதாண்ணே போட்டேன்."

"அப்போ இன்னிக்கி மீட்டர மட்டும் எடுத்துக்கினு போ. மீனு எங்கியும் ஓடாது."

இப்படிச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடக்கூடாது. விற்பனையைத் தள்ளி வைப்பவர் நல்லவர்!

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் மீன் மட்டும் உள்ள தொட்டிகளில் கடைக்காரர்கள் உப்பைக் கொஞ்சம் குறைவாக வைப்பது உண்டு. உப்புச் செலவு மிச்சம். ஒட்டுண்ணிப் பூச்சிகளுக்கும் அது பிடிக்காது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் 27 உப்பில் இருந்த மீனைக் கொண்டுவந்து 35 உப்பில் ஒரேயடியாக விட்டால்? மறுநாள் மிதக்கும். உப்பு குறைவதைவிட, உப்பு திடீரென்று கூடுவதுதான் மீனுக்குப் பெரிய கஷ்டம்.

ஆகவே கருவியைக் கடைக்கே எடுத்துப் போங்கள். மீன் இருக்கும் பையிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அளந்து பாருங்கள். "இவன் யாருடா" என்று கடைக்காரர் பார்த்தாலும் பரவாயில்லை. வித்தியாசம் அதிகம் என்றால், தனித் தொட்டியில் கடை அளவிலேயே விட்டு, ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு புள்ளியாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இது சட்ட விஷயம். கல் பவளங்களும் கடல் குதிரையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். "ரகசியமா தரேன் சார்" என்று யாராவது நீட்டினால் கை வைக்கக்கூடாது. மீனுக்குப் பதில் மனிதன் உள்ளே போக நேரிடும்.

எதைத்தான் வாங்குவது?

கைச் செலவுக்குத் தக்கபடி சொல்வோம்.

நாலைந்து மீன் மட்டும் வைத்திருக்கும் சாதாரணத் தொட்டிக்கு, 25 டிகிரிக்குச் செய்த மிதக்கும் கண்ணாடிக் குழாய் போதும். கூடவே ஒரு உயரமான ஜாடி, ஒரு தெர்மாமீட்டர். பத்திரமாக வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உழைக்கும்.

இறால், நட்சத்திர மீன், கடல் சாமந்தி என்று கூடுதலாக ஆசைப்படுபவர்களும், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அளப்பவர்களும் ரிஃப்ராக்டோமீட்டரும் 35 சோதனைத் திரவமும் வாங்க வேண்டும். திரவம் இல்லாமல் கருவி மட்டும் வாங்குவது, சாவி இல்லாத பூட்டு வாங்குவது மாதிரி.

பார்வை மங்கியவர்களும் பல தொட்டி வைத்து வியாபாரம் செய்பவர்களும் பேனா மீட்டர் வாங்கலாம். சோதனைத் திரவச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடும் முள் டப்பா ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். நல்ல கருவி வைத்திருக்கும் நண்பரிடமோ கடையிலோ ஒரே தண்ணீரை இரண்டிலும் அளந்து, எத்தனை புள்ளி தள்ளிக் காட்டுகிறது என்று டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். தப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் தப்பான கருவியும் உதவும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, உப்பு, சூடு. மூன்றே எண். மளிகைக் கடைக் கணக்குப் போல எழுதி வந்தால், மீன் சோர்வதற்கு முன்பே உப்பு ஏறுவது தெரிந்துவிடும். 35-லேயே நிற்கிறதா, 34-லேயே நிற்கிறதா என்பது இரண்டாம்பட்சம். இன்றைக்கு 32, நாளைக்கு 37 என்று தாவக்கூடாது. அதுதான் கொலை.

கடனாக வாங்கிய உயிர்

கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைவந்த கலை. ஆனால் கடையில் பார்க்கும் மற்றப் பல கடல் மீன்கள் பவளப்பாறை இடுக்கில் சுதந்திரமாகத் திரிந்தவை. வலை போட்டுப் பிடித்து, பையில் அடைத்து, வண்டி ஏற்றி நம் ஹாலுக்குக் கொண்டு வருகிறோம்.

வாய் பேசாத அந்த ஜீவனுக்கு நாம் தரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது பிறந்த கடலின் உப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறவர்கள் முதலில் கருவியையும் சோதனைத் திரவத்தையும் கேளுங்கள். மீன் அப்புறம்!